வெறுங்கையோடு வெளியே வந்தவர்

மாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது அவர் கேட்டின் உட்புறமாக ஒரு நிமிடம் நிற்பார். செருப்பைக் கழற்றி ஒன்றோடு ஒன்றைத் தட்டுவார். துப்பட்டாவை விரித்து இரு முனைகளையும் பிடித்துக் காற்றில் ஓங்கி ஓர் உதறு உதறுவார். குனிந்து சுடிதாரின் கால்மடிப்பைத் தட்டிவிடுவார். விரல்களால் தலைமுடியைக் கோதிவிட்டு, கடைசியாக இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காவலர் மாயாண்டியிடம் காட்டுவார்.

ஆரம்பத்தில் மாயாண்டிக்குக் கூச்சமாக இருந்தது. "என்கிட்ட எதுக்கும்மா காட்டுறீக? நீங்கதான எனக்குச் சம்பளமே போடுறீக" என்றார்.

"அதனாலதான் காட்டுறேன். நானே காட்டாமப் போனா நீங்க வேற யாருகிட்டக் கேப்பீக?"

அதன் பிறகு மாயாண்டி பழகிக்கொண்டார். கைகளைப் பார்த்ததும், "சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகே அவர் வெளியே கால் வைப்பார். மழை கொட்டினாலும், காய்ச்சலோடு இருந்தாலும் இது மாறியதில்லை.

அது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் திராட்சை ஆராய்ச்சித் தோட்டம். மார்க்கையன்கோட்டைக்குத் தெற்கே, மேற்கு மலை தெளிவாகத் தெரிகிற இடத்தில், கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டு, சுற்றிலும் இரட்டை வேலி அடித்திருந்தார்கள். அவர் அங்கே தலைமை ஆராய்ச்சியாளர். நான் அலுவலகத்தையும் ஸ்டோரையும் கவனித்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை; எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

இந்தப் பள்ளத்தாக்கில் எது எப்போது நடந்தது என்று மாதம், கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்வது என் சுபாவம். முல்லையாற்றில் தண்ணீர் திறந்த நாள், ஆடிக்காற்றில் வாழை சாய்ந்த வாரம் என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாட்கள் வரிசையில் வர மறுக்கின்றன. கேட்டருகே அந்த உதறல்தான் முதலில் வந்து நிற்கிறது.

ஊரில் அவரை 'டாக்டரம்மா' என்றார்கள். திராட்சையில் வாங்கிய பட்டம் அது என்று யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஒரு கார்த்திகை மாதக் காலையில், பனி விலகுவதற்கு முன்பே ஒருவர் இருமுகிற பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, நான் செடிக்கு டாக்டருய்யா."

"செடிக்கே பாக்குறவுகளுக்கு மனுசப்புள்ளைக்குப் பாக்கத் தெரியாதாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். ஜீப்பை எடுத்து, அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கிக் கொடுத்து, மருந்து வாங்கும்வரை கூடவே நின்றார். ஆனால் ஜீப்பில் ஏற்றுவதற்கு முன், அந்த மனிதர் வேலிக்குள் எட்டிப் பந்தலைப் பார்க்கத் திரும்பியபோது, தோளைத் தொட்டு மெதுவாக ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டதையும் நான் பார்த்தேன். அந்தக் கனிவும் அந்தக் கண்டிப்பும் ஒரே கையில் இருந்தன.

பழத்தைக்கூட வெளியே விடமாட்டார். பறித்த கொத்துகளை எடை பார்த்து, இனிப்பு அளந்து, தோலின் தடிமனைச் சோதித்தபின், மிஞ்சியதைக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பந்தல் வேலை செய்த பெண்களுக்கு அது ஆறவே இல்லை. அவர்களில் வாயாடி வீரம்மா. கொத்துகளைக் குழியில் தள்ளும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள்.

"பழத்தப் பொணம் மாதிரி பொதைக்கிற தோட்டத்த இங்கனதான் ஆத்தா பாக்குறேன். ஒப்பாரி வைக்க ஆளு வேணும்னா சொல்லுங்க, எங்க சின்னாத்தாளக் கூட்டியாரேன்."

"கூட்டிட்டு வாங்க. ஆனா அவுகளும் போகும்போது என்னைய மாதிரி சேலைய உதறிட்டுத்தான் போகணும்" என்பார் அவர்.

அந்தக் குறையைத் தீர்க்க, வெள்ளிக்கிழமைதோறும் வெளித் தோட்டத்திலிருந்து நம் பன்னீர்த் திராட்சையைத் தன் காசில் வாங்கிவந்து எல்லோருக்கும் பங்குவைத்தார். திராட்சைத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து திராட்சை வாங்கி வருகிற ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று மாயாண்டி சொல்வார்.

அவர் ஏன் இப்படி இருந்தார் என்பதற்கு, அந்தத் தோட்டம் இங்கே வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் சின்னமனூர் பக்கத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் திராட்சை விவசாயிகள். ஐப்பசி மழையில், அறுவடைக்குக் காத்திருக்கிற பழம் தோல் வெடித்து ஈ மொய்ப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர். படித்து வெளிநாடு போய் அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மழையில் வெடிக்காத திராட்சைக்காக நிறுவனம் ஒரு வெளிநாட்டுத் தோட்டம் தேடியபோது, கம்பம் பள்ளத்தாக்கைச் சொன்னது இவர்தான். இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. வருடம் முழுவதும் தளிர்க்கும், காய்க்கும். சோதிக்க வேண்டிய மழையும் தவறாமல் வரும். ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. வழக்கறிஞர்களுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம சட்டத்துல, விவசாயி விளைஞ்சதுல விதை எடுத்து வச்சுக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்கும் குடுக்கலாம்ணே" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "நல்ல சட்டம்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா அங்கன ஒக்காந்திருக்கவுக அத வேலியில ஒரு ஓட்டைன்னு பாக்குறாக. பொருளு வெளிய போச்சுன்னா திருப்பி வாங்க முடியாதுன்னு பயப்படுறாக. அதனால நான் வாக்குக் குடுத்தேன். சட்டம் எப்பிடியும் இருக்கட்டும், என் கேட்டத் தாண்டி ஒண்ணும் போகாதுன்னேன்."

அந்த வாக்கின் மேல்தான் தோட்டம் வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, கணினித் திரையில் தலைமையகத்தின் வழக்கறிஞர் தோன்றி ஒரே கேள்வி கேட்பார்: அந்த மாதம் தோட்டத்திலிருந்து ஏதாவது வெளியே போனதா? "எதுவும் போகவில்லை" என்று இவர் வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருப்பேன்.

இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அறிவுச் சொத்துக்குக் காவல் குறைவாக உள்ள நாட்டில் பன்னாட்டு நிறுவனங்கள் ஆராய்ச்சி நடத்தத் தயங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் நடத்தவும் செய்கின்றன. வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் அங்கே கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு திருடுபோனாலும் மற்றவை இல்லாமல் அதற்குப் பயன் கிடையாது. எங்கள் தோட்டமும் அப்படித்தான். மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கியது ஒரு நாட்டில். மழையில் நிறுத்திப் பார்த்தது இங்கே. எங்கள் அளவுகளைக் கூட்டிக் கழித்து முடிவு சொன்னது இன்னொரு நாட்டில். எங்களுக்கு வந்தவை வெறும் எண்கள். தான் வளர்க்கிற கொடிக்குத் தாய் எது, தகப்பன் எது என்று அவருக்கே தெரியாது.

"கஷ்டமா இல்லையா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெத்தவுக யாருன்னு தெரியாமலும் புள்ள வளக்குறாக இல்லண்ணே" என்றார்.

ஆனால் திராட்சையில் அந்தத் துண்டுபோடுகிற கணக்கு பலிக்காது. கணினியின் ஒரு பாகத்தை எடுத்துப்போனால் அது வெறும் பாகம்தான். ஒரு திராட்சைக் குச்சியை எடுத்துப்போனால் அதற்குள் முழுக்கொடியும் இருக்கிறது. ஈர மண்ணில் ஊன்றினால் போதும். தாய் தகப்பன் பெயர் தெரியவேண்டியதில்லை, அது வளர்ந்துவிடும். வழக்கறிஞர்களின் பயத்துக்கும் அவருடைய உதறலுக்கும் காரணம் அதுதான்.

நாற்பத்தொன்று என்று எண் போட்ட வரிசை ஒன்று இருந்தது. கருநீலப் பழம், விதையுள்ளது, இலைக்காம்பு ரத்தச் சிவப்பு. ஓர் ஐப்பசியில், தீபாவளிக்கு அடுத்த நாள் பிடித்த மழை வாரம் முழுக்க விடவில்லை. மழை ஓய்ந்ததும் பந்தலுக்குள் போனோம். எல்லா வரிசையிலும் பழம் வெடித்துப் புளித்த வாடை அடித்தது. நாற்பத்தொன்றில் மட்டும் கொத்துகள் நீர் சொட்டச் சொட்ட முழுசாகத் தொங்கின. அவர் ஒரு கொத்தைக் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். பறிக்கவில்லை.

வீரம்மாதான் அதற்கு 'மழைக்காரி' என்று பெயர் வைத்தாள். பெயர் வைக்கக்கூடாது, எண் மட்டும்தான் என்று அவர் கண்டித்தார். "சரி ஆத்தா, நாப்பத்தொண்ணு" என்றாள் வீரம்மா. அவர் அந்தப் பக்கம் போனதும், "மழைக்காரி, உன்னையப் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாதாம்டி" என்று கொடியிடம் சொன்னாள். அவருக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்டு போனார்.

அந்த மழையில் அவருடைய அண்ணன் தோட்டமும் போயிற்று. மழை விட்ட மூன்றாம் நாள் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை. அதிலிருந்து வெடித்த பழக்கொத்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். சாறு வழிந்து மேசை விளிம்புவரை வந்தது.

"ஜூஸ் கம்பெனிக்காரன்கூட வேணாம்னுட்டான். உன் தோட்டத்துல ஒண்ணு வெடிக்காம நிக்குதாமே?"

அவர் மேசையிலிருந்த காகிதங்களைச் சாறு படாமல் நகர்த்தினார்.

"வேலையாளுக பேசிக்கிறாக. ஒளிக்காத. ஒரு குச்சி குடு போதும். எங்கருந்து வந்துச்சுன்னு செத்தாலும் சொல்லமாட்டேன்."

"இன்னும் கொஞ்ச வருசம் பொறுங்கண்ணே. சோதிச்சு முடிச்சு வெளியிடும்போது முதல் நாத்து நம்ம ஊருக்குத்தான் வரும். அதுக்குத்தான இவுகள இங்கன கூட்டியாந்தேன்."

"அதுவரைக்கும் கொடி நிக்கும், நான் நிக்கணும்ல? கவாத்து வெட்டுறப்ப கேட்டவுகளுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தவரு நம்ம அப்பா. அவரு குடுத்த குச்சியிலதான் பாதி ஊரு பந்தல் போட்டிருக்கு. நீ எங்க வீட்டுப் பொண்ணா, இவுக வீட்டுப் பொண்ணா?"

"நான் வாக்குக் குடுத்திருக்கேண்ணே."

"எங்களுக்கு?"

அண்ணன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கொத்து மேசையிலேயே கிடந்தது. அவர் ஈரத்துணி வாங்கி மேசையைத் தானே துடைத்தார். அன்று மாலை கேட்டருகே வழக்கம்போல் உதறினார். கைகளை விரித்தபோது சாற்றின் கறை விரல்களில் இருந்தது. மாயாண்டி அதைப் பார்த்துத் தயங்கினார். "இது வெளியருந்து வந்ததுதான் மாயாண்டி, உள்ளருந்து போறதில்ல" என்றார்.

அண்ணன் அதற்குப் பிறகு தங்கையோடு பேசவில்லை. அடுத்த தை மாதத்தில் கொடிகளை வெட்டிவிட்டுத் தென்னை வைத்தார் என்று கேள்விப்பட்டோம்.

இதற்குப் பின் வந்த ஆவணியில் தலைமையகத்திலிருந்து இருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். தென் அமெரிக்காவில் ஒரு நாடு இடமும் தந்து, சட்டத்தையும் இறுக்கியிருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் இங்கே தொடர்வதா அங்கே மாறுவதா என்று முடிவெடுப்பார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலையாட்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. தோட்டம் போனால் அத்தனை வீட்டிலும் மாதச் சம்பளம் போகும். அவருக்கோ மழைக்காரியே போய்விடும்.

அந்தப் புரட்டாசியில் ஒரு பகுதிக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்தது. வெட்டிய குச்சிகளைத் தூளாக்கும் மெஷின் அன்று பழுதாகிவிட்டது. ரிப்பேருக்கு ஆள் மதுரையிலிருந்து வர வேண்டும். குச்சிகளை அடுக்கிவைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லாவற்றையும் குழியில் போட்டு எரிக்கச் சொன்னார். மேஸ்திரியும் ஆட்களும் எரித்தார்கள். வானம் மூடிக்கொண்டிருந்ததால் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலும் ஒரு வழக்கம் உண்டு. கவாத்து நாளில் வேலை முடிந்து போகிற பெண்கள் ஆளுக்கொரு கட்டுக் குச்சியை அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதில்லை. அன்று அந்த வழக்கப்படி வீரம்மா மட்டும் ஒரு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மாயாண்டி அவள் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார், சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். தலையில் இருந்ததைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தார்; வெறும் விறகு என்று பார்த்தார்.

ஐப்பசி பிறந்து, மழை இரண்டு சுற்றுப் பெய்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரம்மாவின் மகளுக்குப் பூப்புச் சடங்கு. எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். அவர் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். நான் அப்படி அவரைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். பெண்ணுக்குப் பொட்டு வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வீரம்மாவின் சொந்தக்காரப் பெண்களோடு கேலி பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனோம்.

அங்கே அவரைக்காய்க் கொடி படர்ந்திருந்தது. அதற்கு ஊன்றுகோலாகக் குச்சிகள் நட்டிருந்தார்கள். அவற்றில் சில துளிர்த்திருந்தன. அவரை இலைகளுக்கு நடுவே வேறொரு இலை, சிவந்த காம்போடு.

அவர் குவளையைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

"மேடம்" என்றேன்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

பிறகு உள்ளே போய் இலையில் உட்கார்ந்து, பரிமாறியதையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மொய் எழுதினார். பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபிறகே வீரம்மாவைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிவந்து காட்டினார்.

வீரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "எரிக்கத்தான ஆத்தா சொன்னீக? அங்கன எரிஞ்சா என்ன, எங்க அடுப்புல எரிஞ்சா என்னன்னு தூக்கியாந்தேன். ஈரமா இருந்தத அவரைக்கு ஊண்டுனேன். எந்தத் தோட்டத்துலயும் இதுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே." சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "ஐயோ, மழைக்காரியா இது?"

"வேற யாருக்கும் குடுத்தீகளா?"

"பக்கத்து வீட்டுல பாகலுக்கு ஊண்டக் கேட்டாக, ஒரு கை அள்ளிக் குடுத்தேன். வருசநாட்டுலருந்து வந்த கொழுந்தன் அடுப்புக்குன்னு கொஞ்சம் கட்டிட்டுப் போனாரு. குச்சிதான ஆத்தா, யாரு எண்ணிப் பாத்துக் குடுத்தா?"

அன்றைக்கே அவரையையும் பாகலையும் பிரித்து, குச்சிகளை வேரோடு பிடுங்கினோம். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே பிடுங்கினார். மறுநாள் வருசநாட்டுக்கு ஜீப்பில் போனோம். மழை அங்கே வண்டித்தடத்தைக் கரைத்திருந்தது. கொழுந்தன் வீட்டில் அடுப்புச் சாம்பலைக் காட்டினார்கள். "பூராம் எரிஞ்சுபோச்சுங்க" என்றார் கொழுந்தன். பிறகு, "எரிஞ்சிருக்கும்" என்றார்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, திரையில் ஆள் வருவதற்கு முன் நான் அவரிடம் கேட்டுக்கொண்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"கிடைச்சத அம்புட்டையும் எரிச்சாச்சு மேடம். உங்களுக்கும் எனக்கும் வீரம்மாவுக்கும்தான் தெரியும். இன்னைக்கு ஒருநாள் எப்பவும் சொல்றதச் சொல்லிருங்க. முடிவெடுக்குற நேரம் இது."

"வருசநாட்டுல எரிஞ்சதுன்னு சொன்னாகளா, எரிஞ்சிருக்கும்னு சொன்னாகளாண்ணே?"

நான் திரும்பிக் கணினியைப் போட்டேன்.

"எத்தனை போச்சுன்னே தெரியாம எல்லாம் வந்துருச்சுன்னு எப்பிடிச் சொல்ல? எங்க அண்ணன் தோட்டம் போயி நின்னு கேட்டப்பக் குடுக்கல. இன்னைக்கு எனக்காக மாத்திச் சொன்னா, அன்னைக்கு அவருக்கு எதுக்குக் குடுக்காமப் போனேன்?"

திரையில் வழக்கறிஞர் வந்தார். வணக்கம் சொல்லி, வழக்கமான கேள்வியை வழக்கமான அலுப்போடு கேட்டார். குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகத் தயாராகப் பேனா அவர் கையில் இருந்தது.

"போயிருக்கிறது" என்றார் இவர்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வீரம்மாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மெஷின் பழுதான நாளில் குச்சிகளை எண்ணாமல் எரிக்கச் சொன்னது தன் தவறு என்றார். வழக்கறிஞர் கோபப்படவே இல்லை. நேர்மைக்கு நன்றி என்றார்.

மார்கழி முதல் வாரம் கடிதம் வந்தது. தோட்டம் மூடப்படுகிறது, ஆராய்ச்சி தென் அமெரிக்காவுக்கு மாறுகிறது. காரணம் என்று பாதுகாப்புச் சூழலைப் பற்றிப் பொதுவாக நான்கு வரி. வீரம்மாவின் அவரைப் பந்தல்தான் காரணமா, அல்லது ஆவணியில் வந்து சாப்பிட்டுப்போன போதே முடிவெடுத்துவிட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றேன். பதில் சொல்ல அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஆனால் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டாக்டரம்மா வாயைத் திறந்ததால்தான் தோட்டம் போனது. "ஒரு பொய்யி. ஒரே ஒரு பொய்யி சொல்லிருந்தா இத்தன வீட்டுல அடுப்பெரிஞ்சிருக்கும்" என்று மாயாண்டி என்னிடம் சொன்னார். மேஸ்திரி அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "சொந்த அண்ணனுக்கு ஒரு குச்சி குடுக்காதவுக. எங்க வயித்தையா பாத்திருக்கப் போறாக?" அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

வீரம்மா மட்டும் ஏசவில்லை. அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எங்கையால வந்துச்சே ஆத்தா."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உங்க கையால வரல வீரம்மா. அந்தக் கேட்டுல நான் தெனமும் என்னைய மட்டும்தான் உதறுனேன். என்னையவே காவல் காத்துக்கிட்டிருந்தேன். இந்த ஊருல கவாத்துக் குச்சி எப்பிடிப் போகும்னு வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க அப்பா கையாலயே அள்ளிக் குடுத்ததப் பாத்து வளந்தவ நான்."

தேர்ந்தெடுத்த சில வரிசைகளின் குச்சிகள் மட்டும், முறையான அனுமதிகளோடு, ஈரத்துணி சுற்றி வெளிநாட்டுக்குப் போயின. நாற்பத்தொன்றை அவரே வெட்டி, அவரே கட்டினார். மீதிக் கொடிகளை வேரோடு தோண்டி எரித்தார்கள். கல்தூண்களை ஏலம் எடுத்தவர் லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார். தென் அமெரிக்காவில் அவருக்கும் ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள்.

"இங்கனதான் வேணும்னு நின்னவ. அங்கன போயி எந்த மழைக்குக் காத்துக்கிட்டு நிக்க?" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுத்துவிட்டார்.

கடைசி நாள் நாங்கள் இருவர் மட்டும்தான். மாயாண்டியின் கணக்கை முந்தின நாளே முடித்து அனுப்பியாயிற்று. பந்தல் நின்ற இடம் வெற்றுச் செம்மண்ணாகக் கிடந்தது. எடுத்துப்போக அங்கே ஒரு இலைகூட இல்லை. நான் பூட்டும் சாவியுமாக வெளியே காத்திருந்தேன். அவர் கேட்டின் உட்புறம் நின்று செருப்பைத் தட்டினார். துப்பட்டாவை விரித்து உதறினார். கால்மடிப்பைத் தட்டினார். முடியைக் கோதினார். இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் காட்டினார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அந்த வார்த்தைக்குக் காத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

அதன்பின் தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார். வாடகை வீடு. வாசலில் ஒரு தொட்டிச் செடிகூட வைக்கவில்லை. எப்போதாவது தேனிக்குப் போனால் பார்த்துவிட்டு வருவேன். அண்ணன் பேச ஆரம்பித்தாரா என்று ஒருமுறை கேட்டேன். "தென்னை நல்லா வந்திருக்காம்" என்றார்.

கடைசியாகப் பார்த்தது ஓர் ஐப்பசி. விடாத மழை. ஓடைப்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சை வெடித்துக் கொட்டிக்கிடக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழக்கடையின் கூரைக்கடியில் நானும் அவரும் ஒதுங்கினோம். கண்ணாடித் தட்டில், அட்டைப் பெட்டிகளில் வெளிநாட்டுத் திராட்சை அடுக்கியிருந்தது. கருநீலம். பெட்டியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. திராட்சைக்கு ஏதோ பகட்டான பெயர் வைத்து, அதை வேறு யாரும் வளர்க்கக்கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"சாப்புட்டுப் பாருங்க மேடம், காசு வேணாம்" என்று கடைக்காரப் பையன் ஒரு பழத்தை நீட்டினான். "எவ்வளவு மழை பேஞ்சாலும் தோல் வெடிக்காதாம். நம்ம ஊருப் பழம் மாதிரி இல்ல."

அவர் அதை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். காம்பு ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மழைக்காரியா மேடம்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே நடந்தவற்றை வெளியே சொல்வதில்லை என்றும் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கிலிருந்து அவரை விடுவிக்க யாரும் வரவில்லை.

விதைகளை உள்ளங்கையில் எடுத்தார். கொஞ்சநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குள் திரும்பிப்போய், பையனின் குப்பைக்கூடையில் குனிந்து போட்டுவிட்டு வந்தார்.

படியில் நின்று செருப்பைக் கழற்றித் தட்டினார். துப்பட்டாவை விரித்து உதறினார். பையன் திருதிருவென விழித்தபடி நின்றான். எதிரே மழை பெய்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார். விரல்களில் நீலக்கறை. கண்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன.

"சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் மழையில் இறங்கி நடந்தார்.